மானுக்கும் எல்க்குக்கும் ஒரே தோட்டா: ரெட் டியருக்குப் போகும் பிள்ளைகளுக்கு

என் தம்பி மகன் அடுத்த மாதம் கனடாவுக்குப் போகிறான். ஆல்பர்ட்டா மாநிலத்தின் ரெட் டியர் நகரில் கனரக வண்டி மெக்கானிக் வேலை. அந்த ஊருக்கு மேற்கே 80 கிலோமீட்டரில் ராக்கி மவுண்டன் ஹவுஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே அதே வேலையை 21 ஆண்டுகள் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

போன வாரம் வந்தவன், "பெரியப்பா, அங்கே மான் வேட்டைக்கு உரிமம் கொடுக்கிறார்களாமே, எந்தத் துப்பாக்கி வாங்கட்டும்?" என்று கேட்டான். துப்பாக்கியைப் பிறகு கேள், தோட்டாவை முதலில் கேள் என்றேன். சொல்லி முடிக்க இரவு ஒரு மணி ஆயிற்று. அவனோடு இன்னும் மூன்று பிள்ளைகள் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்றான்; எழுதுகிறேன்.

இது அந்த நாட்டுக்குப் போய், முறையாக உரிமம் வாங்கி வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும். நம் தீபகற்பத்தில் ரூசா, கிஜாங் மான்களைச் சுட உரிமம் கொடுப்பதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகின்றன. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கனடாவிலும் கடைக்குப் போய் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. பாதுகாப்புப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, விசாரணை முடிந்து கையில் அட்டை வந்த பிறகுதான் துப்பாக்கியும் தோட்டாவும் விற்பார்கள். அந்த அட்டைக்குக் காத்திருக்கும் மாதங்களில் நான் சொல்வதைப் படித்து மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டாவைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. எஸ்டேட்டை ஒட்டி நான்கு ஏக்கர் செம்பனை வைத்திருந்தார். இளங்கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் தோண்டித் தின்றுவிடும் என்பதால் உரிமத்தோடு ஓர் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி வைத்திருந்தார். போர் என்பது குழல் அகலத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது. தோட்டாக்கள் ஒரு மைலோ டின்னில் இருக்கும். பன்றிக்கு எஸ்.ஜி. என்னும் பெரிய ரவை, அணிலுக்குச் சிறு ரவை என்று ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, எழுத்தைப் படித்து, அதன் பிறகே இடுப்புப் பையில் போடுவார். ஒரு நாள் எங்கோ கிடைத்த மஞ்சள் தோட்டா ஒன்றை நான் அந்த டின்னில் போட்டேன். என் கையில் ஓர் அடி விழுந்தது. அது 20 போர் தோட்டா. 12 போர் குழலுக்குள் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பாதியில் சிக்கி நின்றுவிடும். வெடிக்கவில்லையே என்று நினைத்து அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான் என்று அப்பா சொன்னார். அவர் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு வரைதான் போனவர்.

ரைபிளுக்கும் முதல் பாடம் அதுவே. துப்பாக்கிக் குழலில் ஒரு பெயர் பொறித்திருக்கும். தோட்டாவின் பித்தளை அடியில் வட்டமாக ஒரு பெயர் பொறித்திருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றுதான், பொருந்துகிறது, உள்ளே போகிறது என்பதெல்லாம் கிடையாது.

இனி சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகிவிடுகின்றன; கடையில் அப்படிப் பேசினால் தவறான பெட்டி கைக்கு வரும். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. குழலை விட்டுப் பறந்து போய் மிருகத்தைத் தொடுவது குண்டு ஒன்றுதான். மற்ற மூன்றின் வேலை அதை அனுப்பிவைப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் காசு கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் கூட்டின் பெயரைத்தான் பார்க்கிறார்கள், குண்டைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதற்கு விலை கொடுத்தது எல்க் என்னும் அந்த ஊர்ப் பெரிய மானில் ஒரு பெண். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கூட்டின் பெயர்களில் ஓர் ஒழுங்கும் இல்லை. .30-06 என்பதில் 06 என்பது 1906ஆம் ஆண்டு. அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட ஆண்டு. பழைய .30-30இல் இரண்டாவது 30 என்பது வெடிமருந்தின் எடை. .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .277 அங்குலம். ஆனால் .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றும் ஒரே .308 அங்குலக் குண்டைத்தான் சுடுகின்றன. மருந்தின் அளவு வேறு, வேகம் வேறு, கூடு வேறு, குண்டு ஒன்று. ஆகவே பெயரைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். குண்டின் எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 180 கிரெய்ன் குண்டு நம் கணக்கில் 11.7 கிராம்.

மிருகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் போகும் ஊரின் பெயரே ஒரு தவறான அடையாளத்தில் பிறந்தது. அங்கே வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆற்றங்கரையில் நின்ற எல்க்கைத் தங்கள் ஊர்ச் செம்மான் என்று நினைத்துவிட்டார்கள். ஆற்றுக்கு ரெட் டியர் என்று பெயர் விழுந்தது. அந்த மண்ணின் கிரீ மக்கள் அதை எல்க் ஆறு என்றே அழைத்திருந்தார்கள். எல்க்கும் மான் வகைதான், ஆனால் அளவில் வேறு உலகம். நம் கிஜாங் 20, 25 கிலோ. அங்குள்ள வெள்ளைவால் மானின் ஆண் நன்றாக வளர்ந்தால் 100 கிலோவைத் தொடும். பெண் எல்க் 220 கிலோவுக்கு மேல், ஆண் 320 கிலோ அளவில், அதையும் தாண்டியும் போகும். எஸ்டேட்டில் மேயும் மாட்டுக்குத் தோள் எலும்பு எவ்வளவு தடிமன் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த எலும்பைத் தாண்டி, ஒரு முழம் சதையைத் தாண்டி, நுரையீரல் இரண்டையும் கடந்தால்தான் அந்த மிருகம் ஒரு நிமிடத்துக்குள் விழும். கடக்கவில்லை என்றால் நாள் கணக்கில் நடக்கும்.

என் முதல் ஆண்டில் எல்க்குக்கு மேக்னம், அதாவது மருந்து அதிகம் கொள்ளும் வேகமான தோட்டா, வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய .300 மேக்னம் ஒன்றை வாங்கினேன். பெட்டிகள் பலவிதமாக அடுக்கியிருந்தன. விலை குறைந்த, வேகம் அதிகமான பெட்டியை எடுத்தேன்: 150 கிரெய்ன், வினாடிக்கு 3,290 அடி வேகம். பெட்டியின் மேல் மான் படம் போட்டிருந்தது. அது எனக்குச் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை.

நவம்பர் மாதம், மைனஸ் 18 டிகிரி. ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் எல்க் 70 கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. தோளில் சுட்டேன். அது விழவில்லை, குலுங்கி, திரும்பி, மரங்களுக்குள் போய்விட்டது. இருட்டும் வரை பனியில் தடம் பிடித்து நடந்தேன். மறுநாள் விடியலில், என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவரும் துணைக்கு வந்தார். வழியில் அது மூன்று இடத்தில் படுத்து எழுந்திருந்தது. படுத்த இடத்தில் உடல் சூட்டில் பனி உருகி மறுபடியும் உறைந்து, கண்ணாடி போல ஒரு வட்டம்; அதன் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இரத்தம். மூன்று வட்டங்கள். பதினொரு மணிக்கு அதைக் கண்டபோது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. இரண்டாவது குண்டில் முடிந்தது.

தோலை உரித்தபோது பெரியவர் என் கையைப் பிடித்துக் காயத்துக்குள் வைத்துக் காட்டினார். தோள் எலும்பின் மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சதை கூழாகியிருந்தது. அதில் ஈயத் துணுக்குகளும் செம்புத் தகட்டுச் சிதறல்களும் மணல் மாதிரி விரலில் நெருடின. அதற்கு உள்ளே ஒன்றுமில்லை. குண்டு எலும்பைத் தொட்டதும் உடைந்து சிதறிவிட்டது. ஒரே ஒரு சிறு துண்டு மட்டும் ஒரு நுரையீரலின் ஓரத்தைத் தொட்டிருந்தது. இன்னும் மெதுவாகப் போயிருந்தால் அந்தக் குண்டே இதைவிட நன்றாக வேலை செய்திருக்கும் என்றார் அவர். எனக்கு அது புரிய இரண்டு நாள் ஆயிற்று. மெல்லிய குண்டுக்கு வேகம் உதவி அல்ல, எதிரி. அருகில் நிற்கும் மிருகத்தை மேக்னத்தில் சுடும்போதுதான் குண்டு மிகக் கடுமையான சோதனையைச் சந்திக்கிறது. நான் சக்தியை வாங்கினேன், குண்டை வாங்கவில்லை.

அதனால் நான்கு பிள்ளைகளுக்கும் நான் முதலில் சொல்வது: எல்க்குக்கு ஏற்ற குண்டைத் தேர்ந்தெடுங்கள், அதையே மானுக்கும் சுடுங்கள். எல்க்கைக் கடக்கும் குண்டு மானையும் கடந்து வீழ்த்திவிடும். மானுக்கென்று செய்த மெல்லிய குண்டு எல்க்கின் தோளில் என்ன செய்யும் என்று என் விரல் அறியும். இரண்டு வகைத் தோட்டா வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் வேறு இடத்தில் போய் அடிக்கும். குறியை மாற்றி மாற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஒரு நாள் அவசரத்தில் பை மாறிப்போகும். ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா என்று இருந்தால் கண்ணும் கையும் பழகிவிடும்.

குண்டு வகைகளை எப்படி அடையாளம் காண்பது? பெட்டியின் முன்பக்கத்தில் மிருகத்தின் படமும் கூட்டின் பெயரும் பெரிதாக இருக்கும். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் குண்டின் பெயர் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

பழைய, எளிய வகை ஈயக் கரு, அதன் மேல் செம்புத் தகட்டு உறை, நுனியில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டனின் கோர்-லாக்ட் இந்த வகையில் பேர்போனது, 1939இலிருந்து வருகிறது. மிதமான வேகத்தில், .308 அல்லது .30-06இல் 180 கிரெய்ன் எடையில், இது எத்தனையோ எல்க்கை வீழ்த்தியிருக்கிறது. விலையும் குறைவு. குறை எங்கே என்றால், வேகம் அதிகமாகி எலும்பு குறுக்கே வந்தால் உறையும் கருவும் பிரிந்துபோகக்கூடும். அடுத்த வகையில் ஈயத்தையும் உறையையும் ஒட்டிவிடுகிறார்கள். பெட்டியில் பாண்டட் என்று எழுதியிருக்கும். ஃபெடரல் ஃபியூஷன், நாஸ்லர் அக்யூபாண்ட் போன்றவை இந்த வகை. விலைக்கும் வேலைக்கும் நடுவில் நிற்பது இதுதான். முதல் பெட்டியாக இதை வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெரிய மான் ஒன்றைச் சுட்டார். அதன் உடல் முழுக்கக் காய்ந்த சேறு. அருகிலிருந்து .300 மேக்னத்தில் சுட்டும் குண்டுகள் உள்ளே இறங்காமல் மேலேயே உடைந்துபோயின. அவர் ஊருக்குத் திரும்பி, நடுவில் செம்புச் சுவர் வைத்த ஒரு குண்டைச் செய்தார். முன்னறையில் ஒரு ஈயம், பின்னறையில் ஒரு ஈயம். முன்பாதி விரிந்து காயம் உண்டாக்கும். சுவர் இருப்பதால் பின்பாதி விரியாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்று அதற்குப் பெயர். நான் கெட்டித்தனமான குண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னவரும் அதே பெரியவர்தான்.

ஐந்து ஆண்டு கழித்து, .30-06இல் 180 கிரெய்ன் பார்ட்டிஷன் வைத்து 190 கெஜத்தில் ஓர் ஆண் எல்க்கைச் சுட்டேன். நாற்பது அடி நடந்து விழுந்தது. உரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு புடைப்பு. கத்தியால் கீறியதும் கையில் விழுந்தது. முன்பாதி காளான் மாதிரி பின்னால் மடிந்து, ஓரங்கள் கிழிந்த வாழைப்பூ மடலாகச் சுருண்டிருந்தன. பின்பாதி மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே வடிவத்தில், குழலின் வரிப்பள்ளங்கள் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிய நின்றது. தராசில் வைத்தேன்: 121 கிரெய்ன். மூன்றில் இரண்டு பங்கு எடை எலும்பையும் சதையையும் கடந்த பிறகும் மிஞ்சியிருந்தது. அதன் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. தம்பி மகன் அதைத்தான் வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது வகை ஈயமே இல்லாத முழுச் செம்பு. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் எக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு பல நிறுவனங்கள் செய்கின்றன. நுனியில் குழி, பட்டதும் நான்கு இதழாக விரியும். எடை ஏறக்குறைய முழுவதும் மிஞ்சும். செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் ஒரு படி குறைவான எடை எடுங்கள், 180க்குப் பதில் 165 அல்லது 150. விரிவதற்கு அதற்கு வேகம் தேவை. பட்ட இடத்தில் வினாடிக்கு 2,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். தூரத்தில் சுடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கடைசி சில ஆண்டுகள் நான் செம்புக்கு மாறிவிட்டேன். காரணம் சமையலறை. ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் சதைக்குள் போய்விடுகின்றன. அதை அரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. குடலைக் காட்டில் விட்டு வருகிறோம். அதைத் தின்னும் கழுகுகளுக்கு ஈயம் விஷம். கலிஃபோர்னியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் ஈயத்தால் செத்துக்கொண்டிருந்ததால் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டுக்குத் தடை இருக்கிறது. ஈயம்தான் வாங்குவேன் என்கிறவர்கள், காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு மேல் தாராளமாக வெட்டி எறியுங்கள். இறைச்சி வீணாகிறது என்று பார்க்காதீர்கள்.

இரண்டு வகையைத் தொடவே கூடாது. முழு உறை போட்ட ராணுவக் குண்டு விரியாது. ஆல்பர்ட்டாவில் பெரு விலங்குகளுக்கு அது சட்டவிரோதம். போட்டிக்குச் சுடும் மேட்ச் குண்டு காகிதத்தைத் துளைப்பதற்குச் செய்தது. மிருகத்துக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

கூட்டின் பெயருக்கு வருவோம். ஆல்பர்ட்டா சட்டம் .23க்குக் குறைந்த விட்டத்தைப் பெரு விலங்குக்கு அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் இன்னும் விவரமாக எழுதியிருக்கிறார்கள்: விட்டம் குறைந்தது .24, எல்க்குக்குக் குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்ன், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி. இவை சட்டத்தின் அடித்தளம். அதன் மேல்தான் வீடு கட்ட வேண்டும். வேட்டைக்காரர்கள் பொதுவாக, மிருகத்தைத் தொடும் இடத்தில் மானுக்கு 1,000, எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். .30-06இல் 180 கிரெய்ன் குண்டு குழலை விடும்போது ஏறத்தாழ 2,900. 300 கெஜத்தில் 1,650 மிஞ்சுகிறது. உங்களுக்குத் தேவையான தூரம் அதற்குள் அடங்கிவிடும்.

நான்கு பேரில் மூன்று பேர் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். அவர்களுக்கு .308 அல்லது .30-06 என்பேன். .308 பிறந்தது 1952. இரண்டுக்கும் அந்த நாட்டின் கடைசிப் பெட்டிக்கடையிலும் தோட்டா கிடைக்கும், அது சிறிய விஷயம் அல்ல. நான்காவது பிள்ளை ஒல்லி. அவனுக்கு 7 மி.மீ.-08 அல்லது 2007இல் வந்த 6.5 க்ரீட்மூர், 140 கிரெய்ன் அளவில் கெட்டியான குண்டோடு, எல்க்கை 200, 250 கெஜத்துக்குள் மட்டும். .243 மானுக்கு நல்லது. எல்க்குக்கு அதை நான் தரமாட்டேன். மேக்னம் வேண்டுமா என்று கேட்டால், முதல் மூன்று ஆண்டுக்கு வேண்டாம்.

ஏன் என்றால் உதை. .30-06 தோளில் கொடுக்கும் உதை எட்டு பவுண்டு துப்பாக்கியில் ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. 6.5 க்ரீட்மூரில் 12 அளவு. .300 மேக்னத்தில் 25ஐத் தாண்டும். உதைக்குப் பயந்த உடம்பு, விசையை இழுக்கும் கணத்தில் தானாகக் கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளும். சுடுகிறவருக்கே அது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு இடையில் ஒரு பயிற்சித் தோட்டாவைக் கலந்து போடட்டும். டிக் என்ற சத்தம் மட்டும் கேட்கும்போது குழல் முனை கீழே குதித்தால் உங்களுக்குப் பயம் இருக்கிறது. என் மேக்னத்தில் எனக்கு அப்படித்தான் குதித்தது. அதை விற்றுவிட்டேன்.

வாங்கும் விதம். ஒரே எடையில் மூன்று நிறுவனத்தின் தோட்டா, நிறுவனத்துக்கு ஒரு பெட்டி வாங்குங்கள், பெட்டிக்கு 20. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கி விரும்பும் தோட்டாவை உங்களுடையது விரும்பாது. மேசையில் மணல் மூட்டை வைத்து 100 கெஜத்தில் மும்மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள், இடையில் குழல் ஆறட்டும். மூன்றும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் போதும். அந்தப் பெட்டியின் ஓரத்தில் அச்சிட்ட தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் ஐந்தாறு பெட்டி வாங்கி வையுங்கள். தோட்டாவைப் பூட்டிய பெட்டியில், துப்பாக்கியிலிருந்து தனியாக வையுங்கள்.

பிறகு 200 கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்யுங்கள். 100 கெஜத்தில் அது இரண்டு அங்குலம் மேலே அடிக்கும். 300இல் ஒன்பது அங்குலம் கீழே போகும், 400இல் இரண்டடிக்கு மேல். மேசையில் சுடுவது அங்கே முடிகிறது. அதன் பிறகு ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, உட்கார்ந்து, முட்டிபோட்டு, கவைக்கோலில் தாங்கிச் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. மானின் உயிர்நிலை அந்தத் தட்டளவுதான். என் எல்லை 220 கெஜம். 21 ஆண்டுகளில் 220ஐத் தாண்டி நின்ற எத்தனையோ எல்க்கை நான் பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன்.

இந்தப் பயிற்சியை ஆகஸ்டில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். வெப்ப நாட்டில் பிறந்த நமக்கு இது தோன்றாது: குளிரில் வெடிமருந்து மெதுவாக எரிகிறது, குண்டின் வேகம் குறைகிறது, அடிக்கும் இடம் இறங்குகிறது. வேட்டைக்கு முந்தின வாரம் குளிரிலேயே நின்று மூன்று குண்டு சுட்டுச் சரிபாருங்கள். துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள்ளும் வெளியிலும் கொண்டுபோய்க்கொண்டிருந்தால் குறிபார்க்கும் ஸ்கோப்பின் கண்ணாடியில் நீர் படிந்து உறையும். இரவில் அதைப் பூட்டிய நிலையில் குளிர்ந்த அறையிலேயே விடுங்கள்.

சுடும் இடம்: பக்கவாட்டில் நிற்கும் மிருகத்தின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். உங்களைப் பார்த்து நேராக நிற்பதையோ பின்புறத்தையோ சுட வேண்டாம். எல்க் பட்டதைக் காட்டிக்கொள்ளாது. தவறிவிட்டது என்று முடிவுகட்டாமல் அரை மணி நேரம் காத்திருந்து, நின்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அருகில் கிடக்கும். கரும்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் காத்திருங்கள். பச்சை கலந்திருந்தால் குடல். பல மணி நேரம் விட்டுவிட்டு, ஆள் துணையோடு போங்கள், கண்டுபிடிக்கும் வரை திரும்பாதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள். நான் ஒரு தடவை வரும்போது, புறப்படுவதற்கு முந்தின இரவு, என் மனைவி பெட்டி கட்டிக்கொண்டே குளிர் அங்கியின் உள்பையில் கை விட்டார். ஒரு .30-06 தோட்டா வெளியே வந்தது. போன நவம்பரிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது. அது அந்தப் பையோடு சிப்பாங் விமான நிலையம் வந்து இறங்கியிருந்தால், நான் மேலே எழுதிய ஏழு ஆண்டை நீதிபதி எனக்குப் படித்துக் காட்டியிருப்பார். அதை உரிமம் உள்ள பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். வேட்டை முடிந்து வந்த அன்றே ஒவ்வொரு பையையும் வெளிப்புறமாகத் திருப்பி உதறுங்கள். அங்கி, கால்சட்டை, முதுகுப்பையின் அடிப்பகுதி, வண்டியின் கையுறைப் பெட்டி. எண்ணி எடுத்துப்போன தோட்டாவை எண்ணித் திரும்ப வையுங்கள். சுட்ட பித்தளைக் கூட்டையும் நினைவுக்கு என்று எடுத்துவர வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.